கருப்பட்டி டப்பாவுக்குப் பூட்டு போட்ட மருமவனுக்கு

மருமவனே, நீ பெரிய ஆளு. கம்ப்யூட்டர்ல என்னத்தையோ தட்டி மாசம் பொறந்தா சம்பளம் வாங்குதவன். நான் பள்ளிக்கூடத்துல உயிரியல் வாத்தியாரா இருந்துட்டு, இப்ப வெள்ளாட்டோட மல்லுக்கட்டுதவன். ஒனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஆனாலும் ஒங்கம்ம எனக்குத் தங்கச்சி. "அண்ணே, ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி குடிச்சா மார்க்கட்டி பெருசாயிருமாம்லா?"ன்னு போன்ல கேட்டா. அதான் வாயைத் தொறக்க வேண்டியதாப் போச்சு.

ஒன் வைத்தியமெல்லாம் கேள்விப்பட்டேன். அரிசியை நிறுத்தியாச்சு. கருப்பட்டி டப்பா பீரோவுக்குள்ள, சாவி ஒன் சட்டைப் பையில. விடிஞ்சா பாகக்காய்ச் சாறு, உச்சிக்கு முள்ளுசீத்தா இலைக் கசாயம், ராத்திரிக்குக் காரத்தண்ணி. 'கேன்சர் செல்லுக்குச் சர்க்கரைதான் சோறு, அதை நிறுத்துனா பட்டினி கெடந்து செத்துரும்'னு வாட்சப்புல வந்துச்சாம். அடேயப்பா! நூறு வருசமா உலகத்துல உள்ள ஆராய்ச்சிக்காரனெல்லாம் மண்டையை ஒடைச்சுக்கிட்டு இருக்கான், ஒரு பூட்டு வாங்கிப் போடத் தெரியாம.

அந்தச் செய்தியை எனக்கும் அனுப்புனியே, அதுல ஓட்டோ வார்பர்க் பேரு இருந்துச்சு. கேன்சருக்குக் காரணம் கண்டுபிடிச்சு 1931-ல நோபல் பரிசு வாங்குனாராம், மருந்துக் கம்பெனிக்காரன் மூடி மறைச்சுட்டானாம். வாங்குனது நெசம், வருசமும் சரி. ஆனா வாங்குனது கேன்சருக்கு இல்லய்யா. செல்லு மூச்சு விடுததுக்கு ஒதவுத நொதி எப்பிடி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு. மறைக்கவும் யாரும் மறைக்கல. அவரு பேருல ஒரு விளைவே பாடப் புத்தகத்துல இருக்கு. நீ அந்தப் பக்கத்தைப் புரட்டல, அம்புட்டுத்தான்.

அவரு பாத்தது என்னன்னா, 1920-கள்ல பெர்லின்ல எலியோட கட்டியை மெலிசாச் சீவி, சர்க்கரைத் தண்ணியில போட்டு அளந்து பாத்தாரு. ஆக்சிஜன் தாராளமா இருக்கும்போதே அந்தச் செல்லு ஆக்சிஜன் இல்லாத மாதிரி நடக்கு. ஒரு குளுக்கோசை முழுசா எரிச்சா, செல்லோட சக்திக் காசான ஏடிபி 30 கிட்டக் கெடைக்கும். இதுவோ பாதியில நிறுத்தி, 2 ஏடிபியை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை லாக்டிக் அமிலமா வெளிய தள்ளுது. வார்பர்க், 'செல்லுக்குள்ள மூச்சு விடுத எந்திரம் பழுதாப் போச்சு, அதான் கேன்சர்'னு முடிவு கட்டிட்டாரு. 1970-ல சாகுத வரைக்கும் அதுல இருந்து ஒரு அங்குலம் நகரல. பெரிய ஆளுகளுக்கு அந்த நோய் ஒண்ணு உண்டு, அதுக்கு ஸ்கேன் இல்ல.

அப்புறம் பாத்தா, பெரும்பாலான புத்துல அந்த மூச்சு எந்திரம், மைட்டோகாண்ட்ரியா, நல்லாத்தான் ஓடுது. பழுதும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு செல்லு ரெண்டாகணும்னா ஏடிபி மட்டும் இருந்தாப் போதுமா? புதுசா ஒரு டிஎன்ஏ வேணும், மேல போத்தக் கொழுப்புச் சவ்வு வேணும், புரதம் வேணும். முழுசா எரிச்சுட்டா கரியெல்லாம் காத்தாப் போயிரும். பாதியில நிறுத்துனா அந்தத் துண்டு துணுக்கை எல்லாம் இழுத்துக் கட்டுமானத்துக்குப் போட்டுக்கிடலாம். கண்டபடி செலவழிக்குன்னு நாம நெனச்ச செல்லு, கணக்குத் தெரிஞ்சுதான் செலவழிக்கு.

இன்னொரு கதை சொல்லுதேன், கோழிக் கதை. ஒனக்குக் கோழின்னாப் பிடிக்கும்லா. அமெரிக்காவுல பஃபலோங்கிற ஊருல கார்ல் கோரி, கெர்ட்டி கோரின்னு புருசன் பொஞ்சாதி. 1925-ல அவுக ஒரு கோழிக்கு ஒரு றெக்கையில மட்டும் கட்டி வளர விட்டு, ரெண்டு றெக்கையில இருந்தும் திரும்பி வருத ரத்தத்தை எடுத்து அளந்தாவ. கட்டி இருக்க றெக்கையில இருந்து வருத ரத்தத்துல சர்க்கரை 100 மில்லிக்கு 23 மில்லிகிராம் கொறைவு, லாக்டிக் அமிலம் 16 மில்லிகிராம் கூட. 'பாத்தீரா மாமா, நான் சொன்னது சரிதான!'ன்னு இப்பத் துள்ளுவ. பொறு. இதே ரெண்டு பேரும் இன்னொண்ணையும் கண்டுபிடிச்சாவ. லாக்டிக் அமிலம் ரத்தத்துல ஓடி ஈரலுக்குப் போகும், ஈரல் அதைத் திரும்பச் சர்க்கரையாக்கி அனுப்பும். 'கோரி சுழற்சி'. ஒங்கம்ம ஒடம்புல இப்ப அதுதான் நடந்துக்கிட்டு இருக்கு. கட்டி தின்னுட்டுத் துப்புனதை ஈரல் மறுபடி சமைச்சு அதுக்கே பரிமாறுது. கட்டிக்கு வரவு 2 ஏடிபி, ஈரலுக்குச் செலவு 6. அந்தச் செலவு யார் கணக்குல எழுதப்படுதுன்னு நெனைக்க? ஒங்கம்ம கணக்குல.

ரத்தத்துல மொத்தமாக் கூட்டிப் பாத்தாலும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். அதைக் கொறைய விடாம ஈரல் ராப்பகலாக் காவல் காக்கு, ஏன்னா மூளைக்கு மட்டுமே நாளைக்கு 120 கிராம் வரை வேணும். நீ அரிசியை நிறுத்துனா ஈரல் என்ன கையைக் கட்டிக்கிட்டு நிக்குமா? தொடைச் சதையைக் கரைச்சு, அந்தப் புரதத்துல இருந்து சர்க்கரை பண்ணும். சதை கரையும்போது குளுட்டமின்னு ஒரு அமினோ அமிலமும் ரத்தத்துல கொட்டும். 1955-லேயே ஹாரி ஈகிள்ங்கிறவரு சொல்லிட்டாரு, வளர்ப்புச் செல்லுக்கு மத்த அமினோ அமிலத்தை விடக் குளுட்டமின் எக்கச்சக்கமா வேணும்னு. ஆக, சர்க்கரைப் பானையை நீ பூட்டுன, சதைப் பானையைத் தொறந்து விட்டுட்ட. பூட்டுக்கு எவ்வளவு கொடுத்த?

இப்ப முக்கியமான எடத்துக்கு வாரேன், போனை வச்சுட்டுக் கேளு.

நம்ம குளத்து மடைக்காரரை நீ சின்ன வயசுல பாத்திருப்ப. காலையில குளத்துக்கரையில நின்னு தண்ணி எம்புட்டு நிக்குன்னு பாப்பாரு, வானத்தைப் பாப்பாரு, எந்த வயக்காடு காயுதுன்னு பாப்பாரு. எல்லாம் பாத்துட்டுத்தான் மடையைத் தொறப்பாரு. தண்ணி கம்மின்னா யார் வந்து மன்றாடுனாலும் தொறக்க மாட்டாரு. நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்பிடி ஒரு மடைக்காரன் இருக்கான். அவன் பேரு எம்டார். உக்காந்திருக்க எடத்தைக் கேட்டா ஆச்சரியப்படுவ: செல்லுக்குள்ள செரிமானம் நடக்குத லைசோசோம்ங்கிற பைமேல. எங்க சோறு எறங்குதோ அங்கேயே உக்காந்து கணக்குப் பாக்கான். லியூசின்ங்கிற அமினோ அமிலம் வந்திருக்கான்னு சொல்ல செஸ்ட்ரின்னு ஒரு புரதம். ஆர்ஜினின் வந்திருக்கான்னு சொல்ல காஸ்டர்னு ஒண்ணு. ஒடம்பு பூராவும் சாப்பாடு ஆயிட்டான்னு சொல்ல இன்சுலின். எல்லாரும் 'இருக்கு'ன்னு சொன்னா மடையைத் தொறப்பான், செல்லு புரதம் கட்டும், கொழுப்புக் கட்டும், பெருகும். ஏடிபி தீந்துபோச்சுன்னா ஏஎம்பிகேன்னு ஒருத்தன் ஓடிவந்து 'மூடுரா'ம்பான், இவன் மூடிருவான். நல்ல செல்லுல இதுதான் நடைமுறை.

புத்துச் செல்லு என்ன செய்யுது? மடைக்காரனைக் கைக்குள்ள போட்டுக்கிடுது. பிடென்னு ஒரு தடைப் புரதம் இருக்கு, அதைத் தூக்கி எறிஞ்சிருது. இல்லன்னா பிஐ3கேங்கிற புரதத்தை மாத்தி, இன்சுலின் வராமலே 'வந்துட்டு வந்துட்டு'ன்னு சத்தம் போட வைக்கு. ஃபாலிக்குலர் லிம்ஃபோமாங்கிற நெணநீர்ப் புத்துல இன்னும் மோசம். சில பேருக்கு எம்டாரைக் கூட்டியாந்து உக்கார வைக்குத ராக் புரதத்துலேயே மாத்தம் இருக்கு. அமினோ அமிலம் கொறைஞ்சு கெடக்கும்போதும் அது 'இருக்கு'ன்னு சொல்லும். குளம் வத்திக் கெடக்கு, மடைக்காரன் கரையில நின்னுக்கிட்டு நெறகுளம்னு தமுக்கடிக்கான்.

2009-ல அமெரிக்காவுல எலிகளுக்குச் சாப்பாட்டைக் கொறைச்சுப் பாத்தாவ. சில கட்டி நல்லா அடங்குச்சு. பிஐ3கே தானா ஓடுத கட்டி மட்டும் 'நீ பாட்டுக்குக் கொறை'ன்னு வளந்துக்கிட்டே இருந்துச்சு. மார்புப் புத்துல நூத்துக்கு முப்பது பேருக்கு மேல அந்தப் பிஐ3கே மாத்தம் உண்டு. ஒங்கம்மைக்கு உண்டா இல்லையான்னு டாக்டர்கிட்டக் கேட்டியா? கேக்கல. பூட்டுக்கடைக்காரன்கிட்டக் கேட்ட.

அந்த மடைக்காரனுக்கு எம்டார்னு பேரு வந்த கதை தனி. 1964-ல கனடாவுல இருந்து ஒரு கப்பல் ஈஸ்டர் தீவுக்குப் போச்சு. அங்க அள்ளுன மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர்ல இருந்து, மான்ட்ரியால்ல சுரேன் சேகல்ங்கிற நம்ம நாட்டுக்காரரு ஒரு மருந்தைப் பிரிச்செடுத்தாரு. தீவோட பூர்வீகப் பேரு ராப்பா நூயி, அதனால ராபமைசின். கம்பெனி அந்த ஆய்வுக்கூடத்தை மூடுனப்ப, மனுசன் கிருமியைக் குப்பியில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயி ஃப்ரீசர்ல வச்சிருந்தாராம், பிள்ளைக தின்னுராம இருக்க எழுதி ஒட்டி. ஒன் பீரோவுக்கும் அவரு ஃப்ரீசருக்கும் உள்ள வித்தியாசத்தை நெனைச்சுப் பாரு. அந்த மருந்து எதைப் பிடிச்சு நிறுத்துதுன்னு தேடிப் போனதுல, 1991-ல ஸ்விட்சர்லாந்துல மைக்கேல் ஹால் குழு ஈஸ்டுக்குள்ள டார், அதாவது 'ராபமைசினோட குறி'ங்கிற புரதத்துக்கான மரபணுவைக் கண்டுபிடிச்சுச்சு. அடுத்த மூணு வருசத்துல மனுச ஒடம்புலயும் அதே ஆளு அகப்பட்டான்.

பெறகென்ன, மடைக்காரனை மருந்து போட்டு நிறுத்திட்டா ஜோலி முடிஞ்சுதேன்னு தோணுதுல்லா? அவுகளுக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. ராபமைசினோட பங்காளி மருந்து 2007-லேயே கிட்னிப் புத்துக்கு வந்துட்டு. கொஞ்ச காலம் பிடிச்சு நிறுத்தும், முழுசா ஒழிக்காது. ஏன்னு கேளு. கணையப் புத்துச் செல்லு பட்டினி கெடக்கும்போது சுத்தியுள்ள தண்ணியையே மொத்தமா வாரிக் குடிக்கும், அதுல மெதக்குத அல்புமின் புரதத்தை உள்ள வச்சுச் செரிக்கும். 2013-ல இதைப் பாத்தாவ. 2015-ல அதுக்கும் மேல ஒண்ணைப் பாத்தாவ: எம்டாரை நிறுத்துனா, இந்த வாரிக் குடிக்குத செல்லு அல்புமினை இன்னும் நல்லாச் செரிக்குதாம்! ரத்தம் ஒழுங்காப் போகாத எடத்துல உள்ள செல்லு, மருந்து கொடுத்த பெறகு முன்னை விட வேகமாப் பெருகிச்சு. எலியில பாத்ததுதான், ஆனாலும் கேக்க வயித்தைக் கலக்கல?

இன்னும் இருக்கு. ஏஎம்பிகே 'மூடு'ன்னா மூடிட்டுச் சும்மா கெடக்கவும் புத்துச் செல்லுக்குத் தெரியும். தன் ஒடம்புக்குள்ள உள்ள பழசு கிழிசலைத் தானே தின்னுக்கிட்டு நாளைக் கடத்தும். அந்தத் தன்னைத் தின்னுத வழியை விளக்குனதுக்குத்தான் ஜப்பான்காரரு ஒசுமி 2016-ல நோபல் வாங்குனாரு. கொழுப்பை எரிக்கும், பக்கத்துச் செல்லு துப்புன லாக்டிக் அமிலத்தை எடுத்து எரிக்கும், ஆக்சிஜன் கொறைஞ்சா அதுக்குன்னு வேற ஏற்பாடு. இத்தனை வழி தெரிஞ்சதுகிட்டப் போயி, நீ பாகக்காய்ச் சாறைக் காட்டி மெரட்டுத.

'எலியில கீட்டோ சாப்பாடு வேலை செஞ்சுச்சே'ன்னு நீ கேப்ப. கேளு, அதுல நியாயம் இருக்கு. 2018-ல லூயிஸ் கான்ட்லி, சித்தார்த்த முகர்ஜி எல்லாம் சேந்து செஞ்சது. பிஐ3கேயை நிறுத்துத மருந்து ரத்தச் சர்க்கரையை ஏத்திரும், இன்சுலின் பின்னாலேயே ஏறும், ஏறுன இன்சுலின் மருந்தோட வேலையைக் கெடுக்கும். மாவுச்சத்து இல்லாத தீவனம் கொடுத்து இன்சுலினை எறக்குனா எலிக்கு மருந்து நல்லாப் பிடிச்சுச்சு. மருந்தோட சேத்துய்யா! மருந்து இல்லாம வெறும் கீட்டோ மட்டும் கொடுத்த எலிகள்ல ஒரு வகை ரத்தப் புத்து வேகமா முத்திச்சு. நீ அனுப்புன செய்தியில முதல் பாதி மட்டும் இருக்கு. மறுபாதியை எந்தப் புண்ணியவான் வெட்டுனானோ.

சர்க்கரை நோய்க்காரனோட மெட்ஃபார்மினைக் கொடுக்கலாமான்னு ஒங்கண்ணன்கிட்டக் கேட்டியாமே. 3,600 பேருக்கு மேல மார்புப் புத்துக்காரிகளுக்குக் கொடுத்துப் பாத்து, நோய் திரும்பி வருததை அது தடுக்கலன்னு 2022-ல அறிக்கை வந்தாச்சு. அந்தப் பேச்சை விட்டுரு.

ஆனா ஒண்ணு. புத்தோட சோத்துல கை வச்சு மனுசன் ஜெயிச்சதே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஜெயிச்சிருக்கான், ரெண்டு பெரிய எடத்துல. ரெண்டுலயும் தட்டுல கை வைக்கல.

முதலாவது, நம்ம பக்கத்து ஆளு சம்பந்தப்பட்டது. எல்லாப்ரகத சுப்பாராவ், 1895-ல பீமவரத்துல பொறந்தவரு. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிக்கும்போது கதர் உடுத்துனாருன்னு வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோவம், முழுப் பட்டம் கெடைக்கல, கீழ்ப்பட்டம்தான். அமெரிக்கா போனாரு. ஏடிபி ஏடிபின்னு மூச்சுக்கு மூச்சு சொல்லுதேனே, 1929-ல அதைப் பிரிச்சுக் காட்டுனவங்கள்ல அவரும் ஒருத்தரு. பெறகு பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர், ரத்தப் புத்து வந்த பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமில வகைச் சத்தைக் கொடுத்துப் பாத்தாரு. சத்துதான, நல்லது செய்யும்னு. நோய் ஒரே தாவாத் தாவிட்டு! அடடா, இதுக்கு இந்தச் சத்து பிடிக்குன்னா, அந்தச் சத்து மாதிரியே இருக்க போலி ஒண்ணைக் கொடுத்தா என்னன்னு யோசிச்சாரு. அந்தப் போலியைச் செஞ்சு அனுப்புனது சுப்பாராவ் குழு. அமினோப்டெரின். செல்லு ஆசையா வாங்கி உள்ள வச்சுக்கிடும், ஆனா அதை வச்சு டிஎன்ஏ கட்ட முடியாது, நெசச் சத்தையும் நொதிகிட்ட அண்ட விடாது. 1948-ல அறிக்கை வந்துச்சு: 16 பிள்ளைகள்ல 10 பேருக்கு நோய் அடங்குச்சு. கொஞ்ச நாளைக்குத்தான், பெறகு திரும்பிட்டு. ஆனா அதுக்கு முன்னால ஒரு பிள்ளைக்குக்கூட மருந்தால அடங்குனது கெடையாது. சுப்பாராவ் அதே வருசம் ஆகஸ்டுல போய்ச் சேந்துட்டாரு. அவரு குழு செஞ்ச தம்பி மருந்து மெத்தோட்ரெக்சேட்தான் நம்ம தெருவுல முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவை திங்குதாவ. கீழ்ப்பட்டம் கொடுத்தவன் பேரு யாருக்காவது ஞாபகம் இருக்கா?

ரெண்டாவது, கினிப்பன்றி. 1953-ல நியூயார்க்ல ஜான் கிட்ங்கிறவரு, நெணநீர்ப் புத்து வந்த எலிக்கு வெவ்வேற மிருகத்தோட ரத்தத் தெளிவை ஊசி போட்டாரு. குதிரையோடதைப் போட்டாரு, முயலோடதைப் போட்டாரு, ஒண்ணும் நடக்கல. கினிப்பன்றியோடதைப் போட்டா, கட்டி கரையுது! என்ன மாயம்னு எட்டு வருசம் யாருக்கும் பிடிபடல. 1961-ல ஜான் புரூம் சொன்னாரு: அந்த ரத்தத்துல அஸ்பராஜினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது அஸ்பராஜின்ங்கிற அமினோ அமிலத்தை ஒடைச்சுருது. நல்ல செல்லுக்குக் கவலை இல்ல, தனக்கு வேண்டியதைத் தானே செஞ்சுக்கிடும். சில ரத்தப் புத்துச் செல்லு மட்டும் அந்த வேலையைக் கைவிட்டுட்டு, ரத்தத்துல வருததை எடுத்தே காலத்தை ஓட்டிக்கிட்டு இருந்திருக்கு. எல்லாம் செய்யத் தெரிஞ்சதுக்கு இது ஒண்ணு தெரியல. இன்னைக்குப் பிள்ளைகளுக்கு வருத ரத்தப் புத்து வைத்தியத்துல அந்த நொதி உண்டு, பாக்டீரியாவுல இருந்து எடுக்காவ.

அதுலயும் சில செல்லு, 'அஸ்பராஜின் கொறையுதே'ன்னு மோப்பம் பிடிச்சு, மூடி வச்ச மரபணுவைத் தொறந்து தானே செய்ய ஆரம்பிச்சுரும். அதனாலதான் இந்த நொதியைத் தனியாக் கொடுக்காம நாலு மருந்தோட சேத்துக் கொடுக்காவ. ஒரே பூட்டை நம்பி ஒருத்தனும் இல்ல, ஒன்னைத் தவிர.

சரி, நீ இப்ப என்ன செய்யணும்னு சொல்லுதேன். கீமோ போட்ட பெறகு ஒங்கம்மைக்கு எடை எம்புட்டுக் கொறைஞ்சிருக்குன்னு எழுதி வை. அதை டாக்டர்கிட்டச் சொல்லு. ஆசுபத்திரியிலேயே சாப்பாட்டுக்குன்னு ஆலோசனை சொல்ல ஒரு அம்மா இருப்பாவ, அவுகளைப் பாரு. சர்க்கரை நோய் இருந்தாலோ, சர்க்கரையை ஏத்துத மருந்து கொடுத்தாலோ, எதைக் கொறைக்கணும்னு அவுக சொல்லுவாவ, அவுக சொல்லிக் கொறை. மத்தபடி முட்டை, பருப்பு, மீன், அவ வாய்க்குப் பிடிச்ச சோறு. சதை கரைஞ்சா அடுத்த ஊசியைத் தாங்க ஒடம்பு இருக்காது, டாக்டரு மருந்தைக் கொறைப்பாரு, இல்ல தள்ளிப் போடுவாரு. அதுல கட்டிக்கு லாபமா நட்டமா, நீயே எக்செல்ல போட்டுப் பாரு. அந்த முள்ளுசீத்தாக் கசாயத்தைக் குடிச்சுட்டு இருக்கான்னு மட்டும் மறைக்காமச் சொல்லிரு. காரத்தண்ணி வயித்து அமிலத்துல விழுந்த ஒடனே சாதாத் தண்ணியாப் போகும், அந்தக் காசுக்கு அயிரை மீன் வாங்கலாம்.

அடுத்த மாசம் மதுரையில பெட் ஸ்கேன்னு சொன்னா. அன்னைக்கு ஒரு நாள் ஒன் ஆசை நெறவேறும் பாத்துக்கோ. ஆறு மணி நேரத்துக்கு முன்னாலேயே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுவாவ. ஒடம்புல இன்சுலின் எறங்கணும், சதை சர்க்கரையைக் கேக்காம இருக்கணும். அப்புறம் அவுகளே ஊசி போட்டு உள்ள விடுவாவ, எதைன்னு நெனைக்க? சர்க்கரையை! கதிர்வீச்சு ஒட்டுன சர்க்கரை. 1976-ல முதன்முதலா மனுசனுக்குக் கொடுத்தது. கட்டி அதை வாங்கி உள்ள போடும், போட்டதை மேக்கொண்டு ஒடைக்க முடியாம மாட்டிக்கிடும், படத்துல பளிச்சுன்னு தெரியும். மூளையும் பளிச்சுன்னுதான் தெரியும், அதைப் பாத்து அழுது ஊரைக் கூட்டிராத, மூளைக்கு எப்பவுமே சர்க்கரைப் பசி. கதிர்வீச்சு 110 நிமிசத்துல பாதியாயிரும், அன்னைக்கு ஒன் சின்னப் பிள்ளையை மட்டும் கொஞ்ச நேரம் ஆச்சி மடியில ஏற விடாத.

ஸ்கேன் முடிஞ்சு வெளிய வந்ததும் அவளுக்குப் பசி பிராணன் போகும். அங்கேயே எதுத்தாப்புல இட்லிக் கடை இருக்கும், சூடா வாங்கிக் கொடு. காப்பிக்குச் சீனி போடவான்னு கடைக்காரன் கேப்பான். நீ வாயைத் தொறக்காத, அவ சொல்லுவா.